ஓர்வியேட்டோவில் எங்கே, எப்போது, என்ன சாப்பிடலாம்? வாசகர் கேள்வி-பதில்

ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸ் போகும் பழைய ரயில் பாதையில், உம்ப்ரியா மாநிலத்தில், எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறைமேட்டின் உச்சியில் இருக்கிறது ஓர்வியேட்டோ. சுமார் 20,000 பேர் வசிக்கும் சின்ன ஊர். 1290-ல் கட்டத் தொடங்கிய பேராலயத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பீட்சாத் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடிப்பவர்கள்தான் இங்கே அதிகம். அந்த ஊர்ச் சமையலைத் தெரிந்துகொள்ளாமல் திரும்புவது பெரிய நஷ்டம். வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இங்கே.

ரோமிலிருந்து காலையில் போய் இரவு திரும்புகிறோம். மதியம், இரவு இரண்டு வேளையும் அங்கேயே சாப்பிடலாமா? (கோவை வாசகி)

மதியம் தாராளமாகச் சாப்பிடலாம். இரவில்தான் சிக்கல். உணவகங்களில் இரவு அடுப்பு மூட்டுவது ஏழரை மணிக்கு. ரயில் நிலையத்துக்கும் மலை மேலே உள்ள ஊருக்கும் இடையே ஓடும் ஃபுனிகுலர், அதாவது கம்பி இழுத்துச் செல்லும் பெட்டி, சுமார் எட்டரை மணியோடு நின்றுவிடும். அதன் பிறகு பஸ் அல்லது டாக்சிதான். ஏழரைக்கு உட்கார்ந்து எட்டரைக்குள் எழுந்திருப்பது இத்தாலிய உணவகத்தில் நடக்காத காரியம். ரோமுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் கூடக்குறைய ஆகும். அதனால் மதியச் சாப்பாட்டை முழுச் சாப்பாடாக வைத்துக்கொண்டு, மாலையில் ஏதாவது ஒரு பாரில் (இங்கே பார் என்றால் காபியும் சிற்றுண்டியும் தரும் கடை) சிற்றுண்டியோடு முடித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். பகல் கூட்டம் ஆறு மணிக்கு இறங்கிப் போன பிறகுதான் ஊர்க்காரர்கள் தெருவுக்கு வருகிறார்கள். சமையலறையும் அப்போதுதான் நிதானமாக இயங்குகிறது.

மதியக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். பன்னிரண்டரைக்குத் திறப்பார்கள், இரண்டு அல்லது இரண்டரைக்குக் கடைசி ஆர்டர். மூன்று மணிக்குப் போய்க் கதவைத் தட்டினால் சமையல்காரர் வீட்டுக்குப் போயிருப்பார். அந்த நேரத்தில் 'நாள் முழுவதும் சமையல்' என்று பலகை வைத்திருக்கும் கடைகளில் பெரும்பாலும் உறைய வைத்ததைச் சூடுபண்ணித்தான் தருவார்கள். பசியோடு மாட்டிக்கொண்டால் பாரில் ஒரு சாண்ட்விச் வாங்குவது அதைவிட மேல்.

ஒவ்வோர் உணவகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. எந்த நாள் என்பது கடைக்குக் கடை மாறும். காலையில் ஊருக்குள் நுழைந்ததும் நேரே உணவகக் கதவுக்குப் போய், "தூவே பெர்சோனே, அல்லூனா" என்று சொல்லி மதியம் ஒரு மணிக்கு இரண்டு பேருக்கு இடம் பிடித்துவிட்டு, அப்புறம் ஊர் சுற்றுங்கள். டிசம்பர் கடைசியில் 'உம்ப்ரியா ஜாஸ் வின்டர்' இசை விழா நடக்கும் நாட்களில் இந்த உத்தி பலிக்காது. சில வாரங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

குறிப்பாகக் கடைப் பெயர் சொல்லுங்களேன். (சென்னை வாசகர்)

பேராலயச் சதுக்கத்தில் முகப்பைப் பார்த்தபடி மேசை போட்டிருக்கும் இடங்களில் காபியோ ஐஸ்கிரீமோ சாப்பிடுங்கள், சாப்பாட்டுக்கு வேறு தெருவுக்குப் போங்கள் என்பது பொது விதி. ஐஸ்கிரீமுக்கு அந்தச் சதுக்கத்திலேயே பாஸ்குவாலெட்டி இருக்கிறது.

உள்ளூர்ச் சமையலுக்கு, ரெப்புப்ளிக்கா சதுக்கத்தை ஒட்டிய சிப்ரியானோ மனேந்தே சந்தில் 'லா பலோம்பா'. கையால் உருட்டிய உம்ப்ரிகெல்லி என்ற பாஸ்தாவும், அதன்மேல் சீவிப் போடும் ட்ரஃபிள் என்ற நிலத்தடிக் காளானும் இதன் பெயரைச் சொல்பவை. மோரோ கோபுரத்துக்குப் பக்கத்தில், சான் லியோனார்டோ தெருவில் 'ட்ராட்டோரியா தெல் மோரோ அரோன்னே'. குடும்பத்தோடு உட்காரத் தோதான இடம். ஊரின் மேற்குக் கோடியில், ரிப்பா செரான்சியா தெருவில் 'லெ க்ரோட்டே தெல் ஃபுனாரோ'. பாறையைக் குடைந்த குகைக்குள் இருக்கும் உணவகம் இது. விறகடுப்புப் பீட்சாவும் உண்டு. கோடையில் மதிய வெயிலுக்கு அந்தக் குகையே பாதி சுகம். ஆனால் உள்ளே சில்லென்று இருக்கும், ஒரு மேல்சட்டை எடுத்துப் போங்கள்.

இந்த மூன்றிலும் இடமில்லையென்றால் வாசலில் மாட்டியிருக்கும் மெனுவைப் படியுங்கள். ஒரே பக்கத்தில் அடங்கும் மெனு நல்ல அடையாளம். லசானியா, கார்பொனாரா, பாயெல்லா மூன்றும் வண்ணப் படங்களோடு ஆறு மொழிகளில் இருந்தால் நகர்ந்துவிடுங்கள். மெனுவில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைய வைத்த பொருள் என்று அர்த்தம். கீழே சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள்.

நாங்கள் சுத்த சைவம். முட்டையும் கிடையாது. பட்டினி கிடக்க வேண்டுமா? (மயிலாடுதுறை வாசகி)

வேண்டாம். ஆனால் "நாங்கள் வெஜிடேரியன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். இறைச்சி இல்லை என்று மனதாரச் சொல்லிக் கொண்டுவந்த தட்டில் பன்றிக் கன்னக் கொழுப்பு நாலு துண்டு கிடக்கலாம். சமைத்தவருக்கு அது இறைச்சிக் கணக்கில் வராது, வாசனைக்குப் போட்டது. எனவே பொருள் பொருளாகக் கேட்க வேண்டும். "சென்ட்ஸா கார்னே" (இறைச்சி வேண்டாம்), "சென்ட்ஸா பன்செட்டா, சென்ட்ஸா ஸ்ட்ருட்டோ" (பன்றி வயிற்றுத் துண்டும் பன்றிக் கொழுப்பும் வேண்டாம்), "சென்ட்ஸா பெஷே" (மீன் வேண்டாம்), "சென்ட்ஸா வோவா" (முட்டை வேண்டாம்), "சென்ட்ஸா ப்ரோதோ தி கார்னே" (இறைச்சி வேகவைத்த சாறு வேண்டாம்). இந்த ஐந்தையும் இத்தாலிய மொழியில் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சமையலறைக்கு அனுப்புங்கள். பரிமாறுபவர் மறந்தாலும் தாள் மறக்காது.

இனி மெனுவுக்கு வருவோம். உங்களுக்கு இந்த ஊர் கொடுக்கும் வரம் உம்ப்ரிகெல்லி. கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் பிசைந்து, பலகையில் உள்ளங்கையால் உருட்டி நீட்டிய தடித்த பாஸ்தா. மரபுப்படி முட்டை சேராது. சில கடைகளில் சேர்க்கிறார்கள் என்பதால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தாலியாதெல்லே, பப்பார்தெல்லே என்று வந்தால் அது முட்டைப் பாஸ்தா, வேண்டாம். உம்ப்ரிகெல்லியை 'அர்ராபியாத்தா' சாஸில் கேளுங்கள். தக்காளி, பூண்டு, காய்ந்த மிளகாய், ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். பார்க்க இதே சிவப்பில் இருக்கும் 'அமத்ரிச்சானா'வில் பன்றிக் கன்னம் உண்டு. நிறத்தை நம்பாமல் பெயரைப் பாருங்கள். 'நோர்ச்சினா' என்றால் பன்றி சாஸேஜும் க்ரீமும்.

சூப் வகைகள்தான் அதிகம் ஏமாற்றும். ஃபார்ரோ என்ற பழங்காலக் கோதுமைச் சூப், காஸ்தெல்லூச்சோ பருப்புச் சூப் இரண்டும் உம்ப்ரியாவின் பெருமை. பெயரில் தானியமும் பருப்பும்தான் இருக்கும், ஆனால் அடியில் ஹாம் (பன்றித் தொடை) எலும்பு வெந்திருக்கும் வாய்ப்பு அதிகம். காலையில் பெரிய பானையில் வைத்துவிடுவதால், கேட்ட பிறகு எலும்பை எடுத்துத் தருவதெல்லாம் நடக்காது. சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

காய்கறிகளைத் தனியாக 'கொண்டோர்னி' என்ற தலைப்பில் போட்டிருப்பார்கள். கசப்புக்கீரையைப் பூண்டும் மிளகாயும் போட்டு எண்ணெயில் வதக்கிய 'சிக்கோரியா ரிபஸ்ஸாத்தா' நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். சுட்ட கத்தரிக்காய், சுரைக்காய் இனத்துச் சுக்கினி, வெள்ளை பீன்ஸ் கிடைக்கும். அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கை மட்டும் இறைச்சியோடு ஒரே தட்டில் வாட்டினார்களா என்று கேளுங்கள். பீட்சாவில் 'மரினாரா'வுக்குச் சீஸே கிடையாது, தக்காளியும் பூண்டும் ஓரகானோவும்தான்.

சீஸ் விஷயத்தை நீங்களே முடிவுசெய்ய வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ, பெக்கொரினோ ரொமானோ இரண்டிலும் கன்று அல்லது ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருளைச் சேர்க்க வேண்டும் என்பதே விதி. மொஸரெல்லாவிலும் அப்படி இருக்கலாம். தாவர உறைபொருள் சேர்த்த சீஸ்களில் 'கால்யோ வெஜெத்தாலே' என்று எழுதியிருக்கும். இது உங்களுக்கு ஆகாது என்றால் எல்லாவற்றுக்கும் "சென்ட்ஸா ஃபொர்மாஜ்ஜோ" சொல்லிவிடுங்கள். பாஸ்தாவின்மேல் கேட்காமலேயே துருவிப் போடும் வழக்கம் உண்டு.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பேக்கரியில் நத்தை வடிவில் சுருட்டிய அழகான ரொட்டி இருக்கும், பெயர் 'லுமகெல்லா'. பார்வைக்குச் சாதா ரொட்டி, உள்ளே ஹாம் துண்டுகளும் பெக்கொரினோவும். அசைவம் சாப்பிடுபவர்கள் தவறவிடக் கூடாதது, நீங்கள் தொடக் கூடாதது. இனிப்பில் பன்னா கோட்டாவில் ஜெலட்டின், தீராமிசூவில் பச்சை முட்டை. உங்களுக்கானது 'சாம்பெல்லினே அல் வீனோ': மாவு, சர்க்கரை, எண்ணெய், ஒயின், சோம்பு சேர்த்துச் சுட்ட வளைய பிஸ்கட். பாலும் முட்டையும் இல்லை. ஒயினின் சாராயம் சூட்டில் பெரும்பாலும் போய்விடும், ஆனாலும் ஒயின் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள்.

மேசையில் வைக்கும் ரொட்டியில் உப்பே இல்லையாமே? (நாகர்கோவில் வாசகர்)

ஆமாம், மறந்துபோய் விட்டதல்ல. 1540-ல் போப் மூன்றாம் பவுல் உப்பு வரியை ஏற்றியதை எதிர்த்து பெரூஜியா மக்கள் உப்பில்லா ரொட்டிக்கு மாறினார்கள் என்று இந்த மாநிலத்தில் ஒரு கதை சொல்வார்கள். உண்மைக் காரணம் எதுவானாலும் ருசிக் கணக்கு சரியாகவே இருக்கிறது. உம்ப்ரியாவின் ஹாமும் பெக்கொரினோவும் நல்ல உப்பு. அவற்றோடு சேர்த்துக் கடித்தால்தான் இந்த ரொட்டி புரியும். பாஸ்தா முடிந்ததும் தட்டிலுள்ள சாஸை ரொட்டியால் வழித்துச் சாப்பிடுவதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ட்ரஃபிள் பாஸ்தா எப்போது போனாலும் கிடைக்குமா? விலை ஏன் கடைக்குக் கடை மாறுகிறது? (டொரொன்டோ வாசகி)

ட்ரஃபிள் மண்ணுக்கடியில் விளையும் காளான். வகைக்கு ஒரு பருவம். உயர்ந்த கறுப்பு வகை டிசம்பர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை. 'ஸ்கொர்சோனே' என்ற கோடைக் கறுப்பு சுமார் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, வாசனை மெல்லியது, விலையும் குறைவு. வெள்ளை வகை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கிராம் கணக்கில்தான் விலை. ஏப்ரல் மாதம் பன்னிரண்டு யூரோவுக்கு மூக்கைத் துளைக்கும் ட்ரஃபிள் பாஸ்தா வந்தால், வாசனை பாட்டிலிலிருந்து வந்திருக்கிறது. கடைகளில் விற்கும் ட்ரஃபிள் எண்ணெயில் பெரும்பகுதி செயற்கை வாசனைப் பொருள் கலந்தது. தட்டில் வாய் வைப்பதற்கு முன்பே பெட்ரோல் போலக் குப்பென்று அடிக்கும், சாப்பிட்ட பிறகும் மணிக்கணக்கில் ஏப்பத்தில் வரும்.

உண்மையான கறுப்பு ட்ரஃபிளின் வாசனை அடக்கமானது, சூடான எண்ணெயில் பட்டால்தான் எழும். எனவே சாஸில் கலந்ததைவிட, கண்ணெதிரே சீவிப் போடுவதைக் கேளுங்கள். பழுப்பு அல்லது கறுப்புச் சதையில் வெள்ளை நரம்புகள் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். ஓடிப்போய் அதன்மேல் சீஸ் தூவாதீர்கள், வாசனை அமுங்கிவிடும்.

அந்த ஊரில் புறா சமைப்பார்கள் என்று கேள்விப்பட்டோம். உண்மையா? (திண்டுக்கல் வாசகர்)

உண்மை. ஊரின் அடையாளச் சமையலே அதுதான். ஓர்வியேட்டோவின் பாறைக்கு அடியில் 1,200-க்கும் மேற்பட்ட குகைகளைக் குடைந்து வைத்திருக்கிறார்கள். நிலத்தடிச் சுற்றுலாவுக்குப் போனால் சில அறைகளில் சுவர் முழுக்க வரிசை வரிசையாகச் சதுரக் குழிகளைப் பார்ப்பீர்கள். அவை புறாக் கூடுகள். பாறை விளிம்பில் ஒரு ஜன்னல் வெட்டிவிட்டால் புறா தானாகப் பறந்துபோய் மேய்ந்து திரும்பிவிடும், தீனிச் செலவு இல்லை. முற்றுகை நாட்களில் ஊருக்குள் இறைச்சி கிடைக்க அது ஒரு வழி.

இன்று தட்டில் வருவது பெரும்பாலும் காட்டுப் புறா, 'பலோம்பா அல்லா லெக்கார்தா'. முழுப் பறவையைக் கம்பியில் கோத்துத் தணலுக்கு முன் மெதுவாகச் சுழற்றுவார்கள். கீழே 'லெக்கார்தா' என்ற தட்டு இருக்கும். அதில் ஒயின், கொஞ்சம் வினிகர், ஆலிவ், சேஜ் இலை, ஜூனிப்பர் காய், கேப்பர், நெத்திலி இனத்து உப்புமீன், பறவையின் ஈரல் எல்லாம் கிடக்கும். பறவையிலிருந்து சொட்டும் கொழுப்பு இதில் விழ, இதையே அள்ளி மறுபடி பறவைமேல் தடவிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் அந்தச் சாற்றை அரைத்து, சுட்ட ரொட்டித் துண்டின்மேல் பறவையை வைத்து ஊற்றுவார்கள். ருசி முழுவதும் அந்தச் சாற்றில்தான். ஈரல் மணமும் புளிப்பும் உப்பும் சேர்ந்த கனமான ருசி, முதல் வாயிலேயே எல்லோருக்கும் பிடித்துவிடும் என்று சொல்ல மாட்டோம்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். வேட்டையாடிய பறவை என்பதால் சதைக்குள் ஈயச் சிதறல் மாட்டியிருக்கலாம், பல்லால் அழுத்திக் கடிக்க வேண்டாம். நெஞ்சுச் சதை கருஞ்சிவப்பாகத்தான் இருக்கும். அதை "இன்னும் நன்றாக வேகட்டும்" என்று திருப்பி அனுப்பினால் தோல் போல் இறுகி வரும். இலையுதிர் காலமும் குளிர்காலமும்தான் இதற்குப் பருவம். கோடையில் போனால் ஓர்வியேட்டோ ஒயினில் வேகவைத்த கோழி, 'கல்லீனா உப்ரியாக்கா' கேட்டுப் பாருங்கள்.

ஓர்வியேட்டோ ஒயின் பெயர்பெற்றது என்கிறார்கள். எதை எப்படிக் கேட்பது? (பெங்களூரு வாசகர்)

இது வெள்ளை ஒயின். க்ரெகெத்தோ, இங்கே ப்ரொக்கானிக்கோ என்று அழைக்கப்படும் த்ரெப்பியானோ, இந்த இரண்டு திராட்சைகளே முக்கியம். லேபிளில் 'க்ளாஸிக்கோ' என்றால் ஊரைச் சுற்றியுள்ள பழைய, மூலப் பகுதியில் விளைந்தது. 'சுப்பெரியோரே' என்றால் ஏக்கருக்கு விளைச்சல் குறைத்து எடுத்த, சாராயம் குறைந்தது 12 சதவீதம் உள்ள ஒயின். இரண்டு சொல்லும் சேர்ந்திருக்கும் பாட்டிலை எடுத்தால் அநேகமாக ஏமாற மாட்டீர்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது இனிப்பின் அளவு. 'செக்கோ' என்றால் இனிப்பில்லாதது. 'அப்பொக்காத்தோ' லிட்டருக்கு 4 முதல் 12 கிராம் சர்க்கரை, 'அமாபிலே' 12 முதல் 45 கிராம், 'தோல்ச்சே' அதற்கும் மேல். இன்று கடைகளில் எங்கும் செக்கோதான். ஆனால் பல நூற்றாண்டுகள் இந்த ஊர் பெயர் வாங்கியது இனிப்பு ஒயினுக்கு. காரணம் மறுபடியும் அந்தக் குகைகள். ஆழத்தில் குளிர் அதிகம் என்பதால் புளிக்கும் வேலை பாதியில் மந்தமாகி, திராட்சைச் சர்க்கரை கொஞ்சம் மிச்சம் நின்றுவிடும். பேராலயச் சுவரோவியங்களைத் தீட்டிய லூக்கா சிக்னொரெல்லிக்குக் கொடுத்த ஊதியத்தில் ஒயினும் ஒரு பங்கு. அவர் குடித்தது இப்போதைய செக்கோ போல இருந்திருக்காது. எங்கள் சிபாரிசு: ஒரு கிண்ணம் அப்பொக்காத்தோவும், கோழி ஈரல் தடவிய சுட்ட ரொட்டியும். கிடைக்கிற இடம் குறைவு, தேடிக் கேளுங்கள்.

இன்னொன்று 'முஃப்பா நோபிலே'. கோர்பாரா ஏரியிலிருந்து இலையுதிர் காலக் காலைகளில் எழும் மூடுபனி, திராட்சைத் தோலில் ஒரு நல்ல பூஞ்சணத்தை வளர்க்கும். அது பழத்தின் நீரை உறிஞ்சிச் சர்க்கரையைக் கெட்டியாக்கிவிடும். தேனும் உலர்ந்த ஆப்ரிகாட்டும் மணக்கும் இந்த ஒயினை ஒரு சின்னக் கிண்ணம் வாங்கி, நீலச் சீஸோடு அல்லது பாதாம் பிஸ்கட்டோடு உறிஞ்சுங்கள். பார்பெரானி, பலாத்ஸோனே, தெக்குஞானோ தெய் பார்பி, காஸ்தெல்லோ தெல்லா சாலா ஆகியவை இங்கே பெயர் சொல்லும் தயாரிப்பாளர்கள். தோட்டத்துக்கே போய்ச் சுவைக்க முன்பதிவு கட்டாயம். ஊர் பஸ்ஸை நம்பிப் போக முடியாது, போகவும் வரவும் டாக்சி பேசிவிடுங்கள். காரை நீங்களே ஓட்டினால் இத்தாலியில் அனுமதி ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம், உரிமம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவருக்குப் பூஜ்யம்.

உணவகத்தில் பாட்டில் வாங்க வேண்டியதில்லை. "உன் குவார்த்தோ தி பியாங்கோ" என்றால் கால் லிட்டர் வீட்டு வெள்ளை ஒயின் வரும், சுமார் மூன்று, நான்கு யூரோ. குடிக்காதவர்கள் மாலை வேளையில் சங்கடப்பட வேண்டாம். 'க்ரோதினோ' என்ற சாராயமில்லாத ஆரஞ்சுக் கசப்புப் பானம், அல்லது 'கினோட்டோ' கேளுங்கள். கூடவே ஆலிவும் சிப்ஸும் எல்லோருக்கும் போலவே வரும்.

பில்லில் நாங்கள் கேட்காத தொகை இருந்தது. ஏமாற்றா? (சூரிச் வாசகி)

'கொபெர்த்தோ' என்றிருந்தால் ஏமாற்றல்ல. ரொட்டிக்கும் மேசைக்கும் ஆளுக்கு இரண்டு, மூன்று யூரோ வாங்குவது வழக்கம். தொகையை மெனுவில் எழுதியிருக்க வேண்டும். அதைக் கொடுத்தபின் டிப்ஸ் கட்டாயமில்லை.

உண்மையில் கையைச் சுடுவது வேறு ஒன்று. மாட்டிறைச்சித் துண்டுக்கும் மீனுக்கும் நேரே போட்டிருக்கும் விலை பல இடங்களில் ஒரு 'எத்தோ'வுக்கு, அதாவது 100 கிராமுக்கு. 5 யூரோ என்று பார்த்துச் சொல்லிவிட்டு, ஒரு கிலோத் துண்டு வந்தால் பில் 50 யூரோ. "குவான்தோ பேஸா?" என்று எடையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். தண்ணீரும் பாட்டிலில்தான் வரும், அதற்குத் தனி விலை. ஊர்க் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது, சாலையோரக் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். பில்லை நீங்கள் கேட்காமல் கொண்டுவர மாட்டார்கள். "இல் கோந்தோ, பெர் ஃபவோரே" சொல்லுங்கள். முதலில் பாஸ்தா, பிறகு இறைச்சி, காய், இனிப்பு என்று எல்லாவற்றையும் வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மதியத்தில் ஒரு பாஸ்தாவும் ஒரு காயும் வாங்கிக்கொண்டு எழுந்திருப்பது உள்ளூர்க்காரர்களும் செய்வதுதான். பாஸ்தா ஒரு தட்டு சுமார் 10 முதல் 15 யூரோ.

நல்ல சூடான பால் காபி, டீ கிடைக்குமா? (கும்பகோணம் வாசகர்)

'லாத்தே' என்று கேட்டால் வெறும் பால் வரும். 'கஃபே லாத்தே' என்று முழுதாகச் சொல்லுங்கள். இத்தாலியர்கள் பாலைக் கொதிக்க விடுவதில்லை, பால் இனிப்பு கெடாமல் இருக்க 60 டிகிரியைக் கொஞ்சம் தாண்டியதும் நிறுத்திவிடுவார்கள். நமக்கு அது ஆறிப்போன காபி. "பென் கால்தோ" என்று சேர்த்துச் சொன்னால் கூடுதல் சூடாகத் தருவார்கள். டீ கேட்டால் வெந்நீரும் பையும் எலுமிச்சைத் துண்டும் வரும். பால் வேண்டுமென்றால் "லாத்தே கால்தோ அ பார்த்தே" சொல்லி எலுமிச்சையை ஒதுக்கிவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் திரிந்துவிடும். இரவில் தூக்கம் கெடாமல் இருக்க 'ஓர்சோ' என்ற பார்லிக் காபி நல்லது, அதில் கஃபீன் இல்லை. கல்லாவருகே நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. விலைப்பட்டியல் சுவரில் இருக்கும்.

பன்றியும் ஒயினும் சேராத சாப்பாடு உண்டா? (கீழக்கரை வாசகர்)

இறைச்சிப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. 'சிங்கியாலே' என்பதும் காட்டுப் பன்றிதான். கோழியும் முயலும் ஒயினில் வெந்திருக்கும், ஹலால் இறைச்சியும் இந்த ஊர் உணவகங்களில் எதிர்பார்க்க முடியாது. மீனுக்கு வழி இருக்கிறது. பக்கத்திலிருக்கும் பொல்சேனா ஏரியிலிருந்து 'கொரெகோனே' என்ற வெள்ளைச் சதை மீன் வரும். "அல்லா க்ரில்யா, சென்ட்ஸா வீனோ" என்று சொல்லி நெருப்பில் சுட்டு வாங்குங்கள். அர்ராபியாத்தா பாஸ்தாவும் மரினாரா பீட்சாவும் மேலே சைவப் பதிலில் சொன்னபடியே. பேக்கரி ரொட்டியில் பன்றிக் கொழுப்பு உண்டா என்று "சே ஸ்ட்ருட்டோ?" என்று கேளுங்கள்.

நான்கு வயதுக் குழந்தையோடு போகிறோம். (சிங்கப்பூர் வாசகி)

"மெட்ஸா போர்த்ஸியோனே" என்றால் அரைத் தட்டு. தக்காளிப் பாஸ்தா எல்லாக் கடையிலும் மெனுவில் இல்லாவிட்டாலும் செய்து தருவார்கள். இரவு ஏழரைக்கு முன் சாப்பாடு கிடையாது என்பதால் ஐந்து மணிக்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள். ஒவ்வாமை இருந்தால் மெனுவிலுள்ள ஒவ்வாமைப் பட்டியலைக் கேளுங்கள். நிலக்கடலை, பால், முட்டை உள்ளிட்ட 14 பொருள்களைத் தெரிவிப்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம்.

சந்தை உண்டா? ஊருக்கு என்ன வாங்கி வரலாம்? (மதுரை வாசகர்)

வியாழனும் சனியும் காலையில் போப்போலோ சதுக்கத்தில் சந்தை. பதினோரு மணிக்குள் போங்கள், ஒரு மணிக்குக் கட்டிவிடுவார்கள். அங்கே வண்டியில் 'போர்கெத்தா' இருக்கும். எலும்பெடுத்த முழுப் பன்றிக்குள் காட்டுச் சோம்பு, பூண்டு, மிளகு திணித்து இரவெல்லாம் சுட்டது. ரொட்டிக்குள் வைத்து வாங்கும்போது "கொன் லா க்ரோஸ்தா" என்றால் மொறுமொறு தோலும் வைப்பார்கள். பழங்களைக் கையால் தொட்டுப் பொறுக்காதீர்கள், கைகாட்டினால் கடைக்காரரே எடுத்துத் தருவார். வாங்கியதைப் பேராலயப் படியில் விரிக்க வேண்டாம். காஹென் சதுக்கத்தை ஒட்டி அல்போர்னோஸ் கோட்டைத் தோட்டம் இருக்கிறது, நிழலும் பள்ளத்தாக்குக் காட்சியும் சேர்ந்து கிடைக்கும்.

கொண்டுவருவதற்குக் காஸ்தெல்லூச்சோ பருப்பு முதலிடம். சின்னது, ஊறவைக்க வேண்டாம், 20 முதல் 30 நிமிடத்தில் வேகும், குழையாது. பைக்குள் பூச்சி வராமல் காற்று உறிஞ்சி அடைத்த பாக்கெட்டாக எடுங்கள். வளைய பிஸ்கட்டுகள் டப்பாவில் சில வாரம் தாங்கும். பழுக்க வைத்த கெட்டிப் பெக்கொரினோவைக் காற்று உறிஞ்சி அடைத்துத் தரச் சொல்லலாம், "சொத்தோவூத்தோ" என்பதுதான் சொல்ல வேண்டிய வார்த்தை. புது ட்ரஃபிளை வாங்காதீர்கள், ஒரு வாரத்திலேயே வாசனை போய் மெத்தென்றாகிவிடும். ஒயின் பாட்டில் கைப்பையில் ஏறாது, துணிக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். இந்தியாவுக்குள் வரியில்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர் மது கொண்டுவரலாம், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டும், முஃப்பா நோபிலே விற்கும் அரைப் பாட்டில் ஒன்றும்.